ஒரு ஜீன் கதை வேண்டாம்

ஆசிரியருக்கு,

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்கு ஏதோ 'ஒரு ஜீன்', அதாவது ஒரே ஒரு மரபணு, இருப்பது போல எழுதாதீர்கள். 2022-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, 76,755 நோயாளிகள் வரை சேர்த்து அலசி, மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் கூட்டுகிற அபாயம் துளியோ துளி. ஆய்வில் இருந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய வம்சாவளி, நம்ம ஆட்கள் இல்லை என்றே சொல்லலாம்.

என் தம்பிக்கு இந்த நோய். போன மாதம் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அம்மா காபி டம்ளரை நீட்டும்போதே, "பொண்ணுக்கும் வருமா?" என்றார்கள். உடன்பிறந்தவர்களுக்கு வருவது பத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கே கட்டாயமில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்கள். சரி, காபியையாவது குடித்திருக்கலாம்.

ஒரு வாசகர்,
அண்ணா நகர், சென்னை