ஜெய்சல்மேரை அரை நாளில் முடித்துவிடும் டூர்காரர்களுக்கு

ராஜஸ்தான் பேக்கேஜ் நடத்தும் நம்மூர் டூர் ஏற்பாட்டாளர்களே, வணக்கம்.

போன ஜனவரியில் உங்களில் ஒருவரோடுதான் போனேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் திரும்பி வந்தபின் இன்னும் நான்கைந்து பேருடைய திட்டத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டேன், ஜெய்சல்மேர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: காலையில் கோட்டை, ஒரு ஹவேலி (அந்தக் கால மாளிகை வீடு), சாப்பாடு, மூன்று மணிக்கு சாம் மணல்மேடு, ஒட்டகம், ஜீப், கூடாரத்தில் ஆட்டம்பாட்டம், விடிந்தால் ஜோத்பூர். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், "அங்க மணலைத் தவிர வேற என்ன சார் இருக்கு" என்றார் எங்களைக் கூட்டிப்போனவர்.

மணலை நம்பிப் பிழைத்த ஊர் இல்லை சார் அது. 1156இல் ராவல் ஜைசல் என்ற பாட்டி ராஜபுத்திரர் (குலத்தின் பெயர்தான் பாட்டி, சிரிக்க வேண்டாம்) லோதுர்வாவில் இருந்த தலைநகரை விட்டுவிட்டுத் திரிகூட மலைமேல் கோட்டை கட்டினார். சிந்து, பாரசீகம், மத்திய ஆசியா என்று போய்வந்த ஒட்டக வணிகக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும், சுங்கமும் கட்டியாக வேண்டும். ஊரின் பணம் அங்கிருந்து வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து சரக்கெல்லாம் கப்பலேறியதும் ஊர் தளர்ந்தது, 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது மேற்கே போகும் பாதையே மூடிக்கொண்டது.

அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பட்வாக்களின் ஹவேலிகளுக்குப் போக வேண்டும். ஜரிகை வியாபாரத்திலும் வட்டித்தொழிலிலும் சம்பாதித்த குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கியது. ஐந்து மகன்களுக்கு ஐந்து வீடு, கட்டி முடிக்க ஐம்பது வருடத்துக்கு மேல். எங்களுக்கு அங்கே கொடுத்த நேரம் இருபத்தைந்து நிமிடம், அதில் பத்து நிமிடம் ஆள் எண்ணுவதிலேயே போனது. 1885இல் கட்டிய நாத்மல் ஹவேலியை வண்டிக்குள் இருந்தபடியே கை காட்டினார்கள். ஹாத்தி, லாலு என்ற சிற்பிச் சகோதரர்கள் ஆளுக்கொரு பாதியைச் செதுக்கியதாகச் சொல்கிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது, வித்தியாசத்தைத் தேடிக்கொண்டே அரை மணி நேரம் நிற்கலாம்.

குல்தாரா என்ற கைவிடப்பட்ட கிராமத்துக்குக் கூட்டிப்போனீர்கள், நன்றி. ஆனால் பேய்க்கதை மட்டும்தான் சொன்னீர்கள். அமைச்சர் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் ஊரைக் காலிசெய்து சாபம் விட்டுப் போனார்கள் என்பது கதை. நீர் வற்றியதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அதைவிடப் பெரிய விஷயம் அவர்கள் விவசாயம் செய்த விதம். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத இடத்தில் கோதுமை விளைந்திருக்கிறது! பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள், நீர் உள்ளே இறங்கி வண்டலும் படிந்தபின், அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். கடீன் என்று பெயர். ஏரிப்பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைச் சொன்னால் புரியாதா? பேயை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு இதைச் சொல்லலாமே. அப்படியே கடிசர் ஏரியையும் சேருங்கள், குழாய்நீர் வரும்வரை ஊரே அதை நம்பித்தான் இருந்தது.

அப்புறம், முக்கியமாகக் கேட்க வந்தது. உங்களில் சிலர் "கோட்டைக்குள்ளேயே தங்கல்" என்று கூடுதல் காசு வாங்குகிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கும் கோட்டை அது, 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 99 கொத்தளங்கள், கல்லோடு கல் கோத்து, பெரும்பாலும் காரையே இல்லாமல் எழுப்பியவை. மலையின் அடியில் இருப்பதோ நீர் பட்டால் இளகும் களிமண் கலந்த அடுக்கு. குடத்தில் தண்ணீர் சுமந்து வந்த காலத்துக்குக் கட்டிய இடத்தில் குழாய், ஷவர், கழிவறை என்று வந்து, கசிந்த நீர் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சில கொத்தளங்கள் ஏற்கெனவே சரிந்துவிட்டன. கடையும் சாப்பாடும் மேலேயே இருக்கட்டும், அங்கே இருப்பவர்களும் பிழைக்க வேண்டும். குளியலும் படுக்கையும் கீழே ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிட நடைதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூடவே சமையல்காரரைக் கூட்டிவருவது நல்லதுதான், என் அம்மாவுக்கு ரசம் இல்லாமல் முடியாது. ஒரு வேளையாவது அந்த ஊர்க் கறியான கேர் சாங்ரி போடுங்கள். சாங்ரி என்பது நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கிற அதே வன்னியின் காய். ராத்திரிக் கூடாரத்தில் மாங்கணியார் பாடகர்களை உட்காரவைத்து ஸ்பீக்கரில் சினிமாப்பாட்டு கேட்பதையும் விட்டுவிடுங்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திர வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடிவந்த முஸ்லிம் கலைஞர்கள் அவர்கள். அவர்களுடைய கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியத்தை வில்லால் இழுக்கும்போது வரும் கனத்த ஒலியை ஸ்பீக்கர் இல்லாமல் கேட்க வேண்டும்.

வருகிற ஜனவரிக்கு எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேர் கிளம்புகிறோம். ஜெய்சல்மேரில் இரண்டு இரவு, அறை கோட்டைக்கு வெளியே, முதல் நாள் விடியற்காலை கடிசர் படித்துறை, மணல்மேடு கடைசியில். இப்படி ஒரு திட்டம் யார் போட்டுத் தருகிறீர்களோ, அவர்களிடமே முன்பணம் கட்டுகிறோம்.