பட்டியல் நீளம், சரக்கு குறைவு

ஐயா,

கலப்புத் தற்காப்புக் கலையில் போட்டி இல்லாத சனிக்கிழமை அரிது. பார்த்தே தீர வேண்டிய சனிக்கிழமை அதைவிட அரிது.

2016 நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், இந்த விளையாட்டின் மிகப் பெரிய அமைப்பான யுஎஃப்சி நடத்திய ‘யுஎஃப்சி 205’ நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் மூன்று பட்டப் போட்டிகள். எடி அல்வாரெஸை வீழ்த்தி கானர் மெக்கிரிகர் இரண்டாவது எடைப்பிரிவிலும் சாம்பியன் ஆனார். பட்டம் எதுவும் இல்லாத ஆட்டத்திலேயே, முன்னாள் சாம்பியன் கிறிஸ் வைட்மனை யோயல் ரொமேரோ பாய்ந்து முழங்காலால் அடித்துச் சாய்த்தார். இப்போது அப்படியொரு போட்டிப் பட்டியல் வேண்டுமென்றால் யுஎஃப்சி 300 போல ஏதாவது கொண்டாட்ட எண் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பட்டியல் மெலிந்ததற்கு, வீரர்கள் காயமடைகிறார்கள் என்பது வழக்கமான சமாதானம். காயம் அன்றும் இருந்தது. மாறியது வருமானத்தின் வழி. ஒளிபரப்பு ஒப்பந்தத் தொகை முன்கூட்டியே உறுதியாகிவிட்டால், ஒவ்வொரு வாரமும் ரசிகரைக் கவர வேண்டிய கட்டாயம் எங்கே? தேதிகளை நிரப்பினால் போதும். ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும் நிகழ்ச்சிகளில் பலவற்றை, 2017-இல் தொடங்கிய, யுஎஃப்சிக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் கன்டெண்டர் சீரிஸ் தொடர் வழியாக வந்த புதியவர்களே தாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பழுக்குமுன் பறித்து முதன்மை ஆட்டத்தில் வைப்பவர்களையே சொல்கிறேன்.

நிகழ்ச்சிகளைப் பாதியாகக் குறைக்கட்டும். தரவரிசையில் இடம்பெறாத இருவர் மோதுவதை முதன்மை ஆட்டம் என்று விற்பதையாவது முதலில் நிறுத்தட்டும்.

– ஒரு ரசிகர்