கீசர் போட்டால் ட்ரிப் ஆகிறதா? 'டைரக்ட்' கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒயரிங் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கீசர் போட்டா மெயின் விழுது, வந்து டைரக்ட் கொடுத்துட்டுப் போங்க." கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டும் ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கிவிட்டு பேஸையும் நியூட்ரலையும் நேராக இணைப்பதைத்தான் டைரக்ட் என்கிறார்கள். இன்னும் சிலர் கீசருக்குப் போகும் பச்சை ஒயரை, அதாவது எர்த்தை, கழற்றி மடக்கி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் ட்ரிப் ஆவது நின்றுவிடும், கசிவு அப்படியே இருக்கும். ஈரக்கையால் குழாயைத் திருப்பும் குழந்தைக்கு அதன் பிறகு எந்தக் காவலும் இல்லை. இதை வேலை தெரிந்தவர்களே செய்வதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பாக்ஸில் எந்த லீவர் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று சின்னப் பொத்தான் உள்ளது ஆர்.சி.சி.பி. வரிசையாக, லைனுக்கு ஒன்றாக இருப்பவை எம்.சி.பி. விழுந்தது எம்.சி.பி. என்றால் லோடு அதிகம், ஷார்ட், இல்லாவிட்டால் திருகு லூஸ். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர்தான் எடுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாராளமாகத் தாங்கும். கால் மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால், அதே லைனில் இண்டக்‌ஷன் அடுப்போ அயர்ன் பாக்ஸோ ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து, அந்தச் சூடே உள்ளிருக்கும் தகட்டை வளைத்து லீவரைத் தள்ளியிருக்கும். பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். பின் கறுத்து, மீன் கருகியது போல வாடை அடித்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

விழுந்தது ஆர்.சி.சி.பி. என்றால் கதை வேறு. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் உள்ளது 30 மில்லி ஆம்பியர் வகை. 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், 30ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். அது விழுகிறதென்றால் வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

எல்லா எம்.சி.பி.க்களையும் ஆஃப் செய்து, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டு, பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பிளக்கைப் பிடுங்குவதுதான் இங்கே முக்கியம். சாதாரண சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். கோளாறு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ட்ரிப் ஆகும். "ஹீட்டரைப் போடவே இல்லையே" என்று குழம்பி ஆர்.சி.சி.பி.யை மாற்றுவது இதனால்தான். பிளக்கை வெட்டிவிட்டு நேராக இணைத்திருக்கும் கீசர்களுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில்.

கீசர்தான் என்று உறுதியானால், எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். போட்டவுடன் விழுந்தால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் வெடித்திருக்கும், அல்லது ஒயர் சேரும் டெர்மினலில் ஈரம். ஐந்து பத்து நிமிடம் கழித்து விழுந்தால், ஆறியிருக்கும்போது மூடிக்கிடந்த விரிசல் சூட்டில் விரிகிறது. அல்லது காயிலைச் சுற்றி அடைத்திருக்கும் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சொட்டி டெர்மினலை நனைக்கிறது. காயிலின் நடுவே நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பவுடர், வெளியே உலோகக் குழாய். போர் தண்ணீர் ஓடும் வீட்டில் இந்தக் குழாய்மேல் சுண்ணாம்பு போல உப்பு ஏறிவிடும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே தங்கி, ஒருநாள் மயிர்க்கோடு போல விரிசல் விடுகிறது. கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் படிவின் நடுவே ஓரிடம் மட்டும் துரு நிறத்தில் ஊறியிருக்கும். தண்ணீர் உள்ளே போன வாசல் அதுதான்.

அளப்பதற்கு முன் எம்.சி.பி.யை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டரால் ஒருமுறை பார்த்துவிட்டு, காயிலில் இருந்து ஒயர்களைக் கழற்றுங்கள். 2000 வாட் காயிலின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 18க்குக் கொஞ்சம் குறைவாக. முனைக்கும் குழாய்க்கும் நடுவே 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 7,700 ஓமுக்குக் கீழே இறங்கினாலே 30 மில்லி ஆம்பியர் கசிந்துவிடும். ஆனால் மல்டிமீட்டர் சின்ன பேட்டரியில் அளப்பது. அதில் நன்றாக இருப்பதாகக் காட்டிய காயில் 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெக்கரில் பல்லிளிப்பது உண்டு. சந்தேகம் இருந்தால் மெக்கர் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏற்காட்டுக்கென்று தனியாக ஒன்று. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் காட்டேஜ்களில், காயிலில் விரிசலே இல்லாமலும் ட்ரிப் ஆகும். மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை இழுக்கும் பொருள். பனிமூட்டக் காற்று முனையில் உள்ள சீல் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. காயிலை வெளியே எடுத்துத் துடைத்து, வெயிலிலோ முடி உலர்த்தும் கருவியிலோ சில மணி நேரம் காயவைத்து மறுபடி அளந்தால் மெகா ஓம் ஏறியிருக்கும். எர்த்தைக் கழற்றிவிட்டு கீசரை ஓடவிட்டே ஈரத்தை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமமான குறுக்குவழி.

உப்பு ஏறிய காயிலை ஸ்க்ரூ டிரைவரால் தட்டக் கூடாது, குழாய் கீறும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, டெர்மினல் நனையாமல் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் தானாக உதிரும். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் படிவும் குறையும். புதுக் காயில் போடும்போது கேஸ்கட்டும் புதிது. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. காலித் தொட்டியில் போட்டால் புதுக் காயிலும் அப்போதே கருகிவிடும்.

நம் ஊர் மண்ணையும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையிலும் கஞ்சமலை, நகரமலை அடிவாரங்களிலும் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எர்த் குழி நன்றாக அமைவதில்லை, கோடையில் காய்ந்தும் போகிறது. எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசர் உடம்பில் பேஸ் பட்டால் எர்த்தில் ஓடுவது 11.5 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. உடம்பு முழுக்கக் கரண்ட்டோடு கீசர் நிற்கும். இங்கே ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு பாதுகாப்பில்லாத வீடுதான். அதற்காக எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கிரைண்டர், மிக்ஸி என்றால் கழுவிய தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருக்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் பல மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் ட்ரிப் செய்தால் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரைப் பாருங்கள். இன்வெர்ட்டர் போட்ட அன்றிலிருந்து தொந்தரவு என்றால், அதன் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்கு முன்பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். திரும்பி வரும் கரண்ட் வேறு வழியில் போவதால் அது விழுகிறது. நியூட்ரலைப் பிரித்தால் போதும், புது ஆர்.சி.சி.பி. வேண்டியதில்லை.

"இது ரொம்ப சென்சிடிவ், 100 மில்லி ஆம்பியர் போட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 100ம் 300ம் தீப்பிடிப்பைத் தடுக்கத்தான், உயிரைக் காக்க 30தான். டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும்.

மே மாதக் கோடை விழாவுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விருந்தினர் வருமுன் ஒவ்வொரு கீசரின் பிளக்கையும் பிரித்து, பச்சை ஒயர் பெரிய பின்னில் திருகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்படியே டி.பி. பாக்ஸையும் திறந்து, ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஏதாவது ஒயர் போகிறதா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு ஒயரிங் வேலை பார்ப்போர் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.