சான்றிதழின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?

மதிப்பிற்குரிய அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதம் எட்டு வயது மகளோடு உங்கள் கவச அரங்குக்கு வந்திருந்தேன். அட்டை வாளால் தோளைத் தொட்டு அவளை நைட் (இடைக்கால ஐரோப்பாவின் கவசமணிந்த குதிரைவீரர்) ஆக்கி, நைட்டுகளுக்கான பத்துக் கட்டளை அச்சிட்ட சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அதைப் பற்றி இரண்டு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான், அதனால் இனி தமிழிலேயே எழுதிவிடுகிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வரும் நம்மவர்களாவது படிக்கட்டும்.

'இடைக்கால நைட்டுகளின் உறுதிமொழி' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்தும் லியோன் கோத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் பழைய வீரகாவியங்களைப் படித்துத் தாமாகத் தொகுத்த பட்டியல். உங்களுக்கு இது தெரியாததா என்ன?

நைட்டுகளிடம் வாங்குவதற்கென்றே எழுதிய உறுதிமொழி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. 1023இல் பிரான்சின் போவே நகர ஆயர் வாரின் எழுதியது. அதில் எளியோரைக் காப்பேன் என்ற பெரிய பேச்செல்லாம் கிடையாது. எருது, பசு, பன்றி, ஆடு எதையும் பிடித்துக்கொண்டு போக மாட்டேன், கழுதையையும் அதன் முதுகில் இருக்கும் பொதியையும் தொட மாட்டேன், குடியானவர்களைப் பிடித்துவைத்துப் பணம் கறக்க மாட்டேன், வீட்டைக் கொளுத்த மாட்டேன் (உள்ளே எதிரி நைட்டோ திருடனோ இருந்தால் மட்டும் கொளுத்தலாமாம்!) என்று நீள்கிறது. மேய்ச்சலில் நிற்கும் குதிரையையும் கோவேறு கழுதையையும் மார்ச் 1 முதல் நவம்பர் 1 வரை பிடிக்க மாட்டேன் என்றும் ஒரு வரி. இதை வீட்டில் படித்துக் காட்டினேன். "அப்போ டிசம்பர்ல பிடிக்கலாமாப்பா?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, உங்கள் சான்றிதழிலும் இல்லை.

யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று எவரும் சத்தியம் வாங்குவதில்லையே. உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அந்த வருஷம் அந்தக் குடும்பம் எதை வைத்து உழும், எதைத் தின்னும்? இந்தக் கேள்வி உங்கள் அரங்கில் எந்தப் பலகையிலும் இல்லை. ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான்: சான்றிதழின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, போவே உறுதிமொழியை அங்கே அச்சிடுங்கள்.

நைட்டுகளின் வீரநெறி முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. தனக்காக ஆங்கிலேயரிடம் பிணையாக இருந்த மகன் தப்பி ஓடியதும், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் தானே லண்டன் சிறைக்குத் திரும்பி 1364இல் அங்கேயே இறந்தார். அந்த மரியாதை அவர்களுக்குள்தான். 1356இல் புவாத்தியே போரில் அதே மன்னரைச் சிறைபிடித்த இரவு, இங்கிலாந்தின் கருப்பு இளவரசர் எட்வர்ட் பக்கத்தில் நின்று உணவு பரிமாறினார் என்று உங்கள் பலகை உருகுகிறது. சரி. அதற்கு முந்தைய ஆண்டு தெற்கு பிரான்சின் கார்கசோன் நகர மக்கள் ஊரை விட்டுவிடுங்கள், 2,50,000 பொற்காசு தருகிறோம் என்று கேட்டும் கீழ்நகரைக் கொளுத்திவிட்டுப் போனவரும் இவர்தானே? அதற்குப் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது. வாசல் கடையில் பிளாஸ்டிக் வாள் அடுக்க மட்டும் ஒரு சுவர் முழுக்க இடம் இருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பத்துக் கட்டளை முன்பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், கோத்தியே பெயரை மட்டும் கீழே போடுங்கள். பின்பக்கத்தில் போவே உறுதிமொழியை அச்சிடுமாறு தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். மகள் அவளுடைய சான்றிதழின் பின்னால் ஒரு பசு மாடு வரைந்து வைத்திருக்கிறாள். மாதிரிக்கு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நைட்டின் அப்பா