எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் பழங்கட்டடங்களைச் சுண்ணாம்பு முறையிலேயே பழுதுபார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
எழும்பூர் பகுதிவாசிகள், சென்னை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

வணக்கம். 1819-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் இராயப்பேட்டையில் தொடங்கப்பட்டு, 1884-இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்த அரசு கண் மருத்துவமனை, இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்து உலகிலேயே பழைமையான கண் மருத்துவமனை என்று போற்றப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். 1904 முதல் 1913 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட், கண் நீர் அழுத்த நோய்க்கு, கருவிழியின் விளிம்பருகே சிறு துளையிட்டு உள்ளே தேங்கும் நீரை வடியவிடும் அறுவை முறையால் உலகப் புகழ் பெற்றவர். அவர் பெயரில் 1921-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகக் கட்டடத்தில்தான் பழைய சிகிச்சைக் குறிப்பேடுகளும் கருவிகளும் காக்கப்பட்டு வருகின்றன. நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் தொடங்கியதும் இவ்வளாகத்தில்தான்.

புதிய கட்டடங்கள் வேண்டாம் என்பதன்று எங்கள் வாதம். வெளியூரிலிருந்து விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கு அவை அவசியமே. பழைய கட்டடங்களில் கை வைக்கும் முறை பற்றியதே எங்கள் கவலை. சென்னையின் அக்காலக் கட்டடங்களில் பெரிதும் காணப்படும் மெட்ராஸ் டெரஸ் தளம், தேக்கு உத்திரங்களின் மேல் அச்சிக்கல் எனும் சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கி, தட்டை ஓடுகள் பதித்து முடிக்கப்படுவது. சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, செங்கல்லின் முகமே பொரிந்து உதிரும். அவசரத்துக்குப் பூசிய சிமெண்ட்தான் பல பழங்கட்டடங்களை இடிக்கத் தகுந்தவை என்ற நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

ஆகவே, இவ்வளாகத்தின் பழங்கட்டடங்களில் எந்தப் பணி நடப்பதாயினும், பொதுப்பணித்துறையில் மரபுக் கட்டடப் பணியில் தேர்ந்த பொறியாளர்களைக் கொண்டு முதலில் அளவெடுத்து, படம் பிடித்து ஆவணப்படுத்தவும், அதன் பின்னரே சுண்ணாம்புச் சாந்து கொண்டு பழுதுபார்க்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே சிமெண்ட் பூச்சு கூடாது என்பதையும், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களையே அமர்த்த வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தால் பிற்பாடு வழக்காடத் தேவையிருக்காது. எலியட் அருங்காட்சியகத்தின் குறிப்பேடுகளை, நோயாளிகளின் அந்தரங்கம் கெடாதவாறு, காகிதம் நொறுங்கும் முன் மின்வடிவில் பதிந்து வைக்கவும், வாரத்தில் ஒரு நாளாவது பொதுமக்களும் மாணவர்களும் அதைப் பார்வையிடவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து வாயிலாகத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எழும்பூர் பகுதிவாசிகள்