குவிஸுக்கு கேள்வி எடுக்கிற சார், மேடம் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கங்க. "ரெண்டு நாட்டுக்கு முதல் பெண்மணியா இருந்த ஒரே பெண் யார்?" இந்தக் கேள்விய வருஷக்கணக்கா விடாம ஓட்டிட்டு இருக்கீங்க. போன வாரம் என் பொண்ணு "கிராசா மாஷேல்"னு டக்குனு சொல்லி ஒரு டிபன் பாக்ஸ் ஜெயிச்சுட்டு வந்தா. சரிடி, அவங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டேன். "ரெண்டு பிரசிடென்ட்ட கல்யாணம் பண்ணாங்க"ங்கறா. அவளச் சொல்லி குத்தமில்ல, கேள்வியே அவ்ளோதானே கேக்குது.

லிஸ்பன்ல படிச்சு, ஆப்பிரிக்காவுல இருக்கிற மொசாம்பிக்க போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து விடுவிக்கப் போராடுன ஃப்ரெலிமோ இயக்கத்துல சேந்து, துப்பாக்கிய கழட்டி மாட்டப் பழகி, இயக்கம் நடத்துன ஸ்கூல்லயே பாடமும் எடுத்தவங்க அவங்க. 1975 ஜூன்ல மொசாம்பிக் விடுதலை ஆனதும் கல்வி மந்திரி ஆனாங்க, அப்ப முப்பது வயசு கூட முடியல. அந்த நாட்டோட முதல் பிரசிடென்ட் சமோரா மாஷேல் கூட கல்யாணம் நடந்ததும் அதே வருஷம்தான். போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன நாட்டுல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாது, பொம்பளப் புள்ளைங்க நெலம கேக்கவே வேணாம். அந்தப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு கொண்டு வரணும்னு இவங்க ஓட, இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போர்ல ஸ்கூல ஸ்கூலா கொளுத்துறாங்க.

புருஷனால கெடச்ச பதவின்னு யாராவது சொல்லுவாங்கன்னு தெரியும். 1986ல சமோரா விமான விபத்துல போயிட்டாரு. அதுக்கப்புறமும் 1989 வரைக்கும் இவங்கதான் மந்திரி, அதுக்கு என்ன சொல்லுவாங்களாம்?

அப்புறம் ஐ.நா. கேட்டுக்கிட்டதால போர்ல மாட்டுன குழந்தைங்க பத்தி ஆய்வு பண்ணி 1996ல அறிக்கை குடுத்தாங்க. புள்ளைங்க கைல துப்பாக்கி குடுக்கிறது மட்டுமில்ல, போர்ல பொண்ணுங்க மேல நடக்கிற பாலியல் கொடுமையையும் வெளிப்படையா எழுதுன அறிக்கை அது. இவ்ளோத்துக்கும் பிறகுதான், 1998 ஜூலை 18, மண்டேலாவோட 80வது பொறந்தநாள் அன்னிக்கு அவரக் கட்டிக்கிட்டாங்க. பேர மாத்திக்கல. மாஷேல்ங்கறதும் புருஷன் பேருதானேன்னு நீங்க மடக்கலாம், சரிதான், ஒத்துக்கறேன். குழந்தை கல்யாணத்த நிறுத்த 2011ல 'கேர்ள்ஸ் நாட் பிரைட்ஸ்'ங்கற அமைப்ப ஆரம்பிச்சதுலயும் அவங்க பங்கு உண்டு.

அதனால அடுத்த தடவ, "சுதந்திர மொசாம்பிக்கோட முதல் கல்வி அமைச்சர் யார்?"னு கேட்டுப் பாருங்களேன். பதில் அதே பேருதான். டிபன் பாக்ஸும் அதே போதும்.

இப்படிக்கு,
டிபன் பாக்ஸ் ஜெயிச்ச பொண்ணோட அம்மா