குதிரை மருவுக்குப் பொடி வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குதிரைக்கு வரும் மருவுக்கும் கட்டிக்கும் தீவனத்தில் கலந்து கொடுக்கும் மூலிகைப் பொடி பற்றி, தங்கள் நாளிதழின் கால்நடைப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். எல்லா மருவும் இந்த ஒரே பொடியில் போய்விடும், திரும்ப வராது, பக்கவிளைவே இல்லை என்று விற்பவர் சொல்வதாக அதில் இருந்தது. பவானியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா ஜட்கா ஓட்டியவர். மஞ்சளும் வேப்பெண்ணெயும் எங்கள் லாயத்தில் எப்போதும் இருக்கும், அதனால் பொடியின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. எல்லா மருவுக்கும் ஒரே பொடி என்பதுதான் ஒப்பவில்லை.

இந்தப் பொடிகளுக்கு நல்ல பேர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வயதுக் குட்டியின் மூக்கிலும் உதட்டிலும் திடீரென்று மிளகு மிளகாகச் சாம்பல் நிற மருக்கள் கிளம்பும். வைரஸால் வருவது. ஒரே தொட்டியில் வாய் வைக்கும் குட்டிகளுக்குள் பரவும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, குட்டி நன்றாகத் தின்னும், ஓடும். உடம்பில் எதிர்ப்பு சக்தி ஏறியதும் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகக் கொட்டிவிடும். பொடி கொடுத்தாலும் கொட்டும், துஜா என்ற ஹோமியோபதி உருண்டை கொடுத்தாலும் கொட்டும், வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டாலும் கொட்டும். பேர் மட்டும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்விடும்.

வளர்ந்த குதிரைக்கு வருவது பெரும்பாலும் வேறு. சார்காய்டு என்று மருத்துவர்கள் சொல்லும் கட்டிதான் உலகம் முழுக்கக் குதிரைத் தோலில் அதிகம் காணப்படுவது. மாட்டுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது; ஈக்களும் அதைக் கடத்துகின்றன என்று கருதுகிறார்கள். மாட்டையும் குதிரையையும் ஒரே கொட்டகையில் கட்டுகிற நம் ஊரில் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் பெட்டைக்கு முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்து வார் உரசும் இடத்தில் இது வந்தது. முதலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டி, தோல் சொரசொரவென்று தடித்தது. வார் பட்டுப் பட்டு மேல்தோல் கிழிந்தது, அப்புறம் சிவந்த சதை பிதுங்கிக்கொண்டு வளர்ந்தது. வால் முடியால் இறுக்கிக் கட்டுங்கள், விழுந்துவிடும் என்றார் ஒரு பெரியவர். (மனுஷர் மருவுக்குக் குதிரை முடி கட்டுவது பழைய வழக்கம்தான். குதிரைக்கே குதிரை முடியா என்று வீட்டில் சிரித்தார்கள்.) காம்பு மெலிசாக இருந்தால் கட்டிப் பார்க்கலாம். இதற்கு அடி அகலம். அரைகுறையாக அறுத்தாலோ சீண்டினாலோ முன்னைவிட வேகமாகத் திரும்ப வளரக்கூடியது இந்தக் கட்டி. கால்நடை மருத்துவர் உறையவைத்து எடுத்தார். அந்த முகூர்த்த மாதம் முழுக்க வருமானம் இல்லை, சரி, குதிரை தேறியது. இதற்குக் கட்டிக்குள் போடும் ஊசி, களிம்பு, லேசர் என்று வேறு வழிகளும் உண்டு. எதைச் செய்தாலும் திரும்ப வராது என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்வதில்லை. அப்படியிருக்க, பொடி விற்பவர் மட்டும் எப்படிச் சொல்கிறார்?

மருவே இல்லாததும் மருபோலத் தெரியும். வெயில் காலத்தில் ஆறாமல் நமைச்சலெடுத்து, உள்ளே மஞ்சள் குருணை தட்டுப்படும் புண், ஈ கொண்டுவந்து விடும் வயிற்றுப்புழுவின் குஞ்சுகளால் வருவது. அதற்குப் புழு மருந்து வேண்டும். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வயதாக ஆக வெளுக்கும் குதிரைக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வரும், அது மெலனோமா. பிறவியிலேயே வெள்ளையான நுக்ரா வகைக் குதிரைக்குக் கண்ணோரத்து இளஞ்சிவப்புத் தோலில் வெயில் பட்டுப் பட்டுப் புற்றுநோய் வரலாம். எல்லாவற்றையும்விட, காலில் வரிசையாகக் கட்டி கட்டியாக எழும்பி, உடைந்து, பிசின்போலச் சீழ் வடிந்தால் தொடவே கூடாது. அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். சட்டப்படி உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. அதற்குப் போய் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் லாயத்தில் இருப்பவர்கள் கதி என்ன?

தீவனத்தில் சேர்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆளி விதை நல்லதுதான், மேல்முடி பளபளக்கும். ஜிங்க், செம்பு குறைந்தால் தோல் கெடும், குறைவிருந்தால் கொடுக்க வேண்டும். ஆனால் கட்டியைக் கரைக்கும் தீவனம் எதையும் நான் கண்டதில்லை. கொள்ளும் தவிடுமே கதியென்று வளர்க்கிறவர்கள் தவிட்டைக் குறைத்தாலே பாதி நன்மை. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் குறைவு, நாளாவட்டத்தில் எலும்பு கெட்டு முகமே வீங்கிப்போகும். செலினியம் என்ற தாது கலந்த பொடிகள் இரண்டை ஒன்றாகக் கொடுத்து அளவு மீறினால் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பு வெடிக்கும். பூண்டை நாள்தோறும் கை நிறையப் போட்டால் ரத்தசோகை வரலாம். கோழித் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம், அது கொஞ்சம் போனாலே குதிரையின் இதயம் கெட்டு உயிரே போகலாம். இத்தனை இருக்க, பக்கவிளைவே இல்லை என்று அச்சில் போடலாமா?

வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து கட்டியைச் சுற்றித் தடவினால் ஈ அண்டாது. அந்த மட்டுக்கு அது உண்மையான உதவி. காயம் பட்டால் அன்றே கழுவி மூடுவதும், சாணத்தை அன்றாடம் அள்ளுவதும் அதே வகை. எருக்கம்பாலும் மயில்துத்தமும் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குக் கீழே இருந்த சின்ன மருவுக்கு எருக்கம்பால் வைத்து, ஒரு கண் பூத்துப்போன குதிரையை அந்தியூரில் பார்த்திருக்கிறேன்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா வரப்போகிறது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் வெளியிலிருந்தும் குதிரைகள் சந்தைக்கு வரும், பொடி மூட்டைகளும் வரும். கால்நடைப் பராமரிப்புத் துறை அங்கே தோல் கட்டிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பந்தல் போட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை உட்கார வைக்க வேண்டும். விற்பதற்கு முன்பே கட்டி இன்னதென்று தெரிந்தால் வாங்குபவரும் ஏமாறமாட்டார். தாங்களும் திருவிழாவுக்கு முந்தைய வாரம் இந்தக் கட்டிகளின் படங்களை மருத்துவர் ஒருவரின் விளக்கத்தோடு வெளியிட்டு, கூடவே 1962 என்ற கால்நடை அவசர எண்ணையும் போட்டால், பேப்பரை மடித்து லாயத்தில் செருகி வைத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
குதிரைக்கார வாசகர் ஒருவர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.